பக்கவாதமும் அன்றாடச் செயல்களின் மதிப்பும்

பக்கவாதம் கண்டு பிழைத்தெழுந்த ஒருவரிடம் எவ்வளவு செயல்திறன் எஞ்சியிருக்கிறது என்பதை அளந்தறிய மருத்துவத்துறையில் பல அளவைகள் உண்டு. ஆனால், எஞ்சிய திறனைக் கொண்டு அவர் எந்தச் செயலைச் செய்ய விரும்புகிறார், எந்தச் செயல் கைவிட்டுப் போனதால் தம் வாழ்வே குறைந்து போனதாக எண்ணுகிறார் என்பது வேறொரு கேள்வி. முன்னதற்கு விடை கண்டுவிட்டால் பின்னதற்கும் விடை கண்டதாகாது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியும் வகையையும், பின்னதை அளக்கும் முறைகளையும் களப்பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. நோயும் அதன் எண்ணிக்கையும்

மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி செயலற்றுப் போவதே பக்கவாதம். மூளையின் இடப்பாதி பழுதுற்றால் உடலின் வலப்பக்கமும், வலப்பாதி பழுதுற்றால் இடப்பக்கமும் தளர்கின்றன. பேச்சு, பார்வை, நினைவு, விழுங்கும் ஆற்றல் ஆகியவையும் பாதிக்கப்படக்கூடும்.

இந்நோயைப் பற்றி நம் நாட்டில் நடந்த கவனமான கணக்கெடுப்புகளுள் ஒன்று திருவனந்தபுரத்தில் நிகழ்ந்தது. மத்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறையைச் சார்ந்த ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான தொழில்நுட்ப நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள் பங்கேற்று நடத்திய 'திருவனந்தபுரப் பக்கவாதப் பதிவேடு' 2005ஆம் ஆண்டில் ஆறு மாத காலம் மேற்கொள்ளப்பட்டது. அதன் முடிவுகள் 2009இல் வெளியாயின. நகர்ப்புறத்தில் 7,41,000 பேரும், நாட்டுப்புறத்தில் 1,85,000 பேரும் கொண்ட மக்கள்தொகையில் புதிதாகப் பக்கவாதம் கண்டவர் 541 பேர் எனப் பதிவாயிற்று. வயது வேற்றுமையைச் சரிசெய்து கணக்கிட்டபோது, ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் நகரத்தில் 135 பேருக்கும் நாட்டுப்புறத்தில் 138 பேருக்கும் இந்நோய் காண்பது தெரியவந்தது. நோய் கண்ட 28 நாள்களுக்குள் இறந்தோர் மொத்தத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 27 பேர்.

இந்தக் கடைசி எண்ணைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். நூற்றுக்கு ஏறக்குறைய 73 பேர் முதல் மாதத்தைக் கடந்து உயிரோடு இருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் மருத்துவமனையில் கழிப்பது சில நாள்களே. பிறகு வீடு திரும்புகின்றனர். அதன்பின் அவர்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதே நம் பாடம்.

2. செயல்திறனை அளக்கும் அளவைகள்

வழக்கில் உள்ள அளவைகளுள் இரண்டை அறிந்துகொண்டால் போதும்.

முதலாவது ராங்கின் அளவை. கிளாஸ்கோ நகர மருத்துவரான ஜான் ராங்கின் 1957இல் இதனை வெளியிட்டார். பின்னர்த் திருத்தம் பெற்ற இவ்வளவையில் எவ்விதக் குறையும் இல்லாத நிலைக்கு 0, படுத்த படுக்கையாய்ப் பிறரையே முற்றிலும் நம்பியிருக்கும் நிலைக்கு 5, மரணத்திற்கு 6 என்று ஒரே எண் இடப்படுகிறது.

இரண்டாவது பார்த்தெல் அளவை. புளோரன்ஸ் மஹோனி என்ற மருத்துவரும் டோரத்தியா பார்த்தெல் என்ற இயன்முறைச் சிகிச்சையாளரும் 1965இல் அமெரிக்காவில் இதனை வெளியிட்டனர். உண்ணுதல், குளித்தல், முகம் கழுவித் தலைவாருதல், உடுத்துதல், மலம் அடக்குதல், சிறுநீர் அடக்குதல், கழிப்பிடம் செல்லுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சமதரையில் நடத்தல், படியேறுதல் ஆகிய பத்துச் செயல்களுக்குப் புள்ளிகள் வகுக்கப்பட்டுள்ளன. மொத்தம் 100 புள்ளிகள். குளித்தலுக்கு 5 புள்ளிகளே. நடத்தலுக்கு 15 புள்ளிகள். ஒருவர் தளர்ந்த கையை விட்டு மற்றக் கையால் உண்டாலும் உடுத்தினாலும், பிறர் துணையின்றிச் செய்தால் முழுப் புள்ளிகள் உண்டு.

இவ்வளவை எளியது, விரைவில் முடிவது, இருவர் தனித்தனியே அளந்தாலும் பெரும்பாலும் ஒத்த விடை தருவது. ஆகையால் இன்றளவும் நிலைத்திருக்கிறது. எனினும் இதன் எல்லையை இதனை ஆக்கியவர்களே சுட்டிக்காட்டினர். 100 புள்ளிகள் பெற்றவர் தம் உடற்பணிகளுக்குப் பிறரை நம்ப வேண்டியதில்லை என்பதே பொருள். அவரால் சமைக்கவும், இல்லத்தை நடத்தவும், நாலு பேருடன் பழகவும் முடியும் என்பது அதனால் பெறப்படாது.

3. சாலையில் இருவர்

அளவை காட்டாத பகுதி எது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டைக்கும் கிள்ளிப்பாலத்திற்கும் இடையே நீண்டு கிடக்கும் கடைத்தெரு சாலை எனப்படும். திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த சந்தை இது. அரிசி, பலசரக்கு, பாத்திரம், பூ, பழம் எனப் பலவகை வாணிபம் நடைபெறும் இவ்விடத்தில் தமிழ் பேசும் வணிகக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

இத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அறுபது வயதுப் பெரியவர் ஒருவரையும், பூக்கட்டி விற்கும் ஐம்பத்தைந்து வயது அம்மையார் ஒருவரையும் கற்பனை செய்துகொள்வோம். இருவருக்கும் வலக்கை தளர்ந்திருக்கிறது. இருவரும் மெதுவாக நடக்கின்றனர், இடக்கையால் உண்கின்றனர், தாமே உடுத்துகின்றனர். குளிக்க மட்டும் ஒருவர் உதவ வேண்டும். அதற்குரிய 5 புள்ளிகள் இல்லை. படியேற ஒருவர் கைபிடிக்க வேண்டும். அதற்குரிய 10 புள்ளிகளில் 5 மட்டுமே உண்டு. ஆக இருவர்க்கும் பார்த்தெல் அளவையில் 90 புள்ளிகள். ஏட்டில் இருவரும் ஒரே நிலையினர்.

இனி அவர்களிடமே கேட்போம். பெரியவருக்கு மகன் குளிப்பாட்டுவதில் மனக்குறை இல்லை. காலையில் கடையைத் திறந்து கல்லாவில் அமர முடியவில்லை, பேரேட்டில் கணக்கெழுத முடியவில்லை என்பனவே அவருடைய துயரம். "அப்பா, இனி நீங்கள் சும்மா இருங்கள்; கடையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மகன் சொல்வது அன்பினாலேயே. ஆனால் அச்சொல் அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பது எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை.

அம்மையாருக்கோ குளிப்பதற்கு மருமகளின் உதவியை நாடுவதே பெருந்துன்பம். அதற்கு அடுத்தபடி, இரு கைகளும் வேண்டிய பூக்கட்டும் தொழில் நின்றுபோனது. மூன்றாவது, கும்ப மாதத்தில் ஆற்றுக்கால் பொங்கலையன்று லட்சக்கணக்கான பெண்கள் தெருவெங்கும் செங்கல் அடுப்புக் கூட்டிப் பொங்கலிடும்போது தாம் திண்ணையில் அமர்ந்து பார்க்க வேண்டியிருப்பது. படியேறுவதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. வீட்டில் மாடி கிடையாது.

அளவையில் குளியல் 5 புள்ளிகளே பெறுகிறது. அம்மையாரின் கணக்கில் அது முதலிடம் பெறுகிறது. கல்லாவும் பேரேடும் பூவும் பொங்கலும் அளவையில் இடம்பெறவே இல்லை. பார்த்தெல் அளவை தவறானதன்று. அது கேட்கும் கேள்வி வேறு. சிகிச்சையாளரின் நேரமோ குறைவு. வாரம் ஒரு மணி நேரம் கிடைத்தால் அதனை எச்செயலுக்குச் செலவிடுவது என்ற முடிவை 90 என்ற எண்ணைக் கொண்டு எடுக்க இயலாது.

4. மதிப்பை அளக்கும் முறைகள்

உலக சுகாதார ஸ்தாபனம் 2001இல் வெளியிட்ட சர்வதேசப் பகுப்புமுறை, உடலுறுப்பின் இயக்கம், தனிச்செயல், சமூக வாழ்வில் பங்கேற்றல் என்ற மூன்று படிகளை வேறுபடுத்திக் காட்டிற்று. மூன்றாம் படியில் நோயாளியின் கருத்தைக் கேளாமல் அளப்பது அரிது. இதற்கெனத் தோன்றிய முறைகளுள் மூன்றைக் காண்போம்.

(அ) கனடா நாட்டு முறை. அந்நாட்டுத் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் 1991இல் வெளியிட்டது. இதில் முன்கூட்டி அச்சிட்ட செயல்களின் பட்டியல் இல்லை. தமக்குச் சிரமமாயுள்ள செயல்களை நோயாளியே சொல்கிறார். ஒவ்வொன்றும் தமக்கு எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 10 வரை எண் இடுகிறார். மிக முக்கியமான ஐந்து வரை தெரிந்தெடுத்து, இப்போது அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறார், அதில் எவ்வளவு மனநிறைவு கொள்கிறார் என்று மறுபடியும் 1 முதல் 10 வரை எண் இடுகிறார். சில வாரங்களுக்குப் பின் மீண்டும் கேட்கும்போது சராசரி 2 புள்ளிகளேனும் உயர்ந்திருந்தால் அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் என்று கொள்வது வழக்கம்.

நம் பெரியவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கல்லாவில் அமர்தல், கணக்கெழுதுதல், கோயில் தரிசனம் என்ற மூன்றுக்கும் அவர் முதலில் இட்ட செயல் எண்கள் 2, 4, 6, சராசரி 4. மனநிறைவு எண்கள் 1, 3, 5, சராசரி 3. கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்றைக் கல்லாவில் இட்டு, காலையில் இரண்டு மணி நேரம் அமரப் பழக்கி, இடக்கையால் எண்கள் எழுதப் பயிற்சி அளித்து மூன்று மாதம் கழித்துக் கேட்கிறோம் என்று கொள்வோம். செயல் எண்கள் 5, 6, 7, சராசரி 6. மனநிறைவு 6, 5, 7, சராசரி 6. செயலில் 2 புள்ளிகளும் மனநிறைவில் 3 புள்ளிகளும் உயர்ந்துள்ளன. பார்த்தெல் அளவையோ அன்றும் 90, இன்றும் 90.

(ஆ) படச்சீட்டு முறை. அமெரிக்காவில் கரோலின் பாம், டாரத்தி எட்வர்ட்ஸ் ஆகியோர் அமைத்தது. மனிதர்கள் பலவகைச் செயல்களில் ஈடுபட்டிருக்கும் புகைப்படங்களை நோயாளி வகைப்படுத்துகிறார்: முன்பு செய்ததில்லை, இப்போதும் செய்கிறேன், குறைவாகச் செய்கிறேன், விட்டுவிட்டேன், புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். முன்பு செய்தவற்றுள் எத்தனை பங்கு எஞ்சியுள்ளது என்று கணக்கிடப்படும். குறைவாகச் செய்வதற்கு அரைப் புள்ளி. உதாரணமாக, முன்பு செய்த 20 செயல்களில் 9 தொடர்கின்றன, 6 குறைந்தன, 5 நின்றன என்றால், 9உடன் 3 கூட்டி 12. அதாவது நூற்றுக்கு 60 பங்கு எஞ்சியது. பேச்சிழந்தவர்க்கும் எழுத்தறியாதவர்க்கும் இம்முறை பேருதவியாகும்.

(இ) ஸ்வீடன் நாட்டு முறை. பெர்சன், எர்லாண்ட்சன், எக்லுண்ட் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2001இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். ஒரு செயலில் மூவகை மதிப்பு இருக்கலாம் என்பது அதன் சாரம். முதலாவது, கண்கூடான பயன்: கூலி, பொருள், கற்ற திறமை. இரண்டாவது, அச்செயல் உணர்த்தும் பொருள்: நான் இன்னார், இக்குடும்பத்தைச் சேர்ந்தவள், இவ்வூர்க்காரி என்ற உணர்வு. மூன்றாவது, செய்யும்போதே கிட்டும் இன்பம். இக்கோட்பாட்டை ஒட்டி வினாப்பட்டியலும் ஆக்கப்பட்டது.

இப்பகுப்பு வெறும் தத்துவமன்று, சிகிச்சைக்கு வழிகாட்டுவது. பூக்கட்டும் அம்மையாரிடம், "அதில் எதை இழந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். வருமானம் என்றால், முழம் அளந்து கொடுத்துப் பணம் வாங்கும் வேலையை இடக்கையால் செய்யலாம். பூவைத் தொடும் இன்பம் என்றால், பலகையில் அறைந்த ஆணியில் நாரைக் கட்டிச் சிறு சரமேனும் தொடுக்கப் பழக்கலாம். பக்கத்துக் கடைப் பெண்களோடு கூடியிருக்கும் உறவு என்றால், பூ ஆய்ந்து கொடுக்கவாவது அவரைத் தினமும் அங்கே கொண்டு அமர்த்த வேண்டும். செயல் ஒன்றே, மதிப்பு எங்கே உள்ளதோ அதற்கேற்பச் சிகிச்சை மாறுகிறது.

5. சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

பிறமொழியில் ஆன வினாப்பட்டியலைத் தமிழாக்கிக் கேட்கும்போது சொற்கள் நம்மை ஏமாற்றக்கூடும். மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம்.

'தொழில்' என்று கேட்டால், காலை முதல் இரவு வரை வீட்டுவேலை செய்யும் பெண், "எனக்குத் தொழில் ஒன்றும் இல்லை" என்பார். ஆகையால் 'நீங்கள் நாள்தோறும் செய்யும் காரியங்கள்' என்று கேட்டல் நலம். 'மதிப்பு' என்றால் விலை என்றும் மரியாதை என்றும் பொருள் கொள்ளப்படும். கடைத்தெருவில் விலை என்றே முதலில் தோன்றும். 'இக்காரியம் இல்லாவிட்டால் உங்களுக்கு எவ்வளவு குறையாக இருக்கும்?' என்பது தெளிவான வினா. 'ஓய்வு நேரச் செயல்' என்றால், ஓய்வு என்ற சொல் உறக்கத்தையும் பணி ஓய்வையும் நினைவூட்டும். 'பொழுது போவதற்கு என்ன செய்வீர்கள்?' என்பதே வழக்கிலுள்ள சொல்.

சாலை போன்ற இடத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். தமிழை வீட்டுமொழியாகக் கொண்டவர் மருத்துவமனையில் மலையாளத்தில் தட்டின்றிப் பேசலாம். ஆயினும் மனக்குறையைச் சொல்ல வீட்டுமொழியே எளிதாக வரும். ஆகவே எம்மொழியில் கேட்க வேண்டும் என்பதையே முதற்கேள்வியாகக் கொள்க. மொழிபெயர்த்த வினாக்களை வேறொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பிப் பெயர்த்து ஒப்பிடுவதும், சிலரிடம் கேட்டு அவர்கள் என்ன பொருள் கொண்டனர் என்று விசாரிப்பதும் இன்றியமையாதவை.

6. களத்தில் கேட்கும் முறை

கேரள அரசு 2008இல் வலிநிவாரணப் பராமரிப்புக் கொள்கையை வகுத்ததன் பயனாக, ஊராட்சிகள் வாயிலாகச் செவிலியர் வீடு தேடிச் செல்லும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. இவ்வாறு வீடு செல்லும் எவரும் பின்வரும் எளிய முறையைக் கையாளலாம். இது மேற்கூறிய அளவைகளுக்கு மாற்றன்று. உரையாடலைத் தொடங்குவதற்கான கருவி.

முதலில், நோய் காண்பதற்கு முன் ஒரு நாளைக் காலையிலிருந்து இரவு வரை எவ்வாறு கழித்தார் என்று சொல்லச் சொல்க. பிறகு இப்போதைய நாளைச் சொல்லச் சொல்க. இரண்டுக்கும் உள்ள வேற்றுமையிலிருந்து ஐந்தாறு காரியங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளை அடையாளமாகத் தரையில் வைக்க: கல்லாவுக்குச் சாவி, பூவுக்கு நார், குளியலுக்குச் செம்பு. அவர் கையில் பத்துப் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, எந்தக் காரியம் திரும்பக் கிடைக்க வேண்டுமோ அதன்மேல் அதிகமாக வைக்கச் சொல்க. அவர் வைத்த பின், "ஏன் இதற்கு இத்தனை?" என்று கேட்டு, விடையை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்க. இறுதியில் ஒன்றையோ இரண்டையோ குறிக்கோளாகக் கொண்டு, சிகிச்சையாளருக்கும் குடும்பத்தினர்க்கும் தெரிவிக்க.

7. எச்சரிக்கைகள்

குடும்பத்தினரின் விடையை நோயாளியின் விடையாகக் கொள்ளலாகாது. நெருங்கிய உறவினரும் நோயாளியின் நிலையை அவரே கருதுவதைவிட மோசமாகக் கணிப்பது பல ஆராய்ச்சிகளில் கண்டறியப்பட்டது. பேச இயலாதவரிடம் படமும் பொருளும் கொண்டு முயன்ற பின்னரே உறவினரைக் கேட்க வேண்டும். கேட்டால் 'உறவினர் கூற்று' என்று குறிப்பிட வேண்டும்.

"இனி எனக்கு எதுவும் முக்கியமில்லை" என்று ஒருவர் எல்லாவற்றுக்கும் குறைந்த எண் இட்டால், அதை மனப்பக்குவம் என்று எண்ணிவிடக் கூடாது. பக்கவாதம் கண்டவருள் ஏறக்குறைய மூவரில் ஒருவர்க்கு மனச்சோர்வு நோய் ஏற்படுகிறது. அத்தகையோரை மருத்துவரிடம் அனுப்புதல் கடமையாகும். மறுபுறம், காலப்போக்கில் மதிப்புகள் மாறுவதும் இயல்பே. ஆறு மாதத்தில் கல்லாவை மகனிடம் விட்டுப் பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதைப் பெரியவர் மேலாகக் கருதலாம். ஆகையால் ஒருமுறை கேட்டு நிறுத்தாமல், வீடு திரும்பிய சில நாள்களிலும், மூன்றாம் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும் கேட்க வேண்டும்.

ஒருவர் இட்ட 8 என்பது 4இன் இரு மடங்கு ஆகாது. ஒருவரின் 8 மற்றொருவரின் 8க்குச் சமமும் ஆகாது. இவ்வெண்கள் வரிசையைக் காட்டுமேயன்றி, படிக்கல்லைப்போல் எடையைக் காட்டுவதில்லை. ஒருவரின் இன்றைய நிலையை அவருடைய நேற்றைய நிலையோடு ஒப்பிடவே அவை பெரிதும் பயன்படும்.

மதிப்பறிந்து கேட்பதனால் மட்டும் தளர்ந்த கை எழுந்துவிடாது என்பதையும் மறக்கலாகாது. நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2017இல் முடிவு வெளியான ஆராய்ச்சியில், குடும்பத்தினருக்குப் பயிற்சி அளித்து வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி நடத்தியும், ஆறு மாத முடிவில் இறந்தோர் அல்லது பிறரை நம்பியிருப்போர் தொகை இரு பிரிவுகளிலும் நூற்றுக்கு 47ஆகவே இருந்தது. நல்லெண்ணம் கொண்ட முறையையும் அளந்தே அறிய வேண்டும் என்பதற்கு இது சான்று. கிடைக்கும் சொற்ப நேரத்தையும் உழைப்பையும் நோயாளி வேண்டும் இடத்தில் செலவிடச் செய்வதே மதிப்பை அளப்பதன் பயன்.

8. ஆசிரியர்களுக்கான பயிற்சி

வகுப்பில் பின்வருவனவற்றைச் செய்விக்கலாம்.

(1) மாணவர் ஒவ்வொருவரும் தாம் நாள்தோறும் செய்யும் பத்துக் காரியங்களை எழுதி, அவற்றிற்குப் பத்துப் புளியங்கொட்டைகளைப் பங்கிடுக. ஒருவர் பங்கீட்டை மற்றவர் முன்கூட்டி ஊகித்து, பின் ஒப்பிடுக. நெருங்கிய நண்பனின் ஊகம் எத்தனை இடங்களில் பிழைபட்டது?

(2) முன்பு செய்த 16 காரியங்களில் 6 தொடர்கின்றன, 4 குறைந்தன, 6 நின்றன. நூற்றுக்கு எத்தனை பங்கு எஞ்சியது? (விடை: 50.)

(3) பார்த்தெல் அளவையில் 100 புள்ளிகள் பெற்ற ஒருவர், தாம் பெரிதாக மதிக்கும் ஐந்து காரியங்களுள் ஒன்றையும் செய்ய இயலாதிருக்கக் கூடுமா? சாலைக் கடைத்தெருவிலிருந்தோ உங்கள் ஊரிலிருந்தோ ஓர் உதாரணம் தந்து விளக்குக.